அம்மாச்சியின் கம்மல்

எங்கள் வகுப்பில் எனக்கு "இஞ்சி டேப்" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. செல்பேசியில் வைக்கும் முகப்படத்தைச் சிறிதாக்க வேண்டுமானாலும், நுழைவுத் தேர்வு விண்ணப்பத்திற்கு ஏற்ற அளவில் படம் வேண்டுமானாலும் தோழியர் என்னிடந்தான் வருவார்கள். நானோ முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, "அகலம் எத்தனை? உயரம் எத்தனை?" என்று கேட்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தப் பழக்கம் எனக்கு வந்த விதத்தில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் எங்கள் அம்மாச்சி ஆண்டவரில் இளைப்பாறினார்கள். நிலக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். வாழ்நாளெல்லாம் பிறர் தோட்டத்தில் மல்லிகை பறித்தவர்கள். விடியுமுன்னே மடியைக் கட்டிக்கொண்டு செடிகளுக்கிடையே குனிந்தால், வெயில் ஏறும்வரை நிமிரமாட்டார்கள். மெலிந்த உடம்பு, ஒட்டிய கன்னம். படம் எடுத்துக்கொள்வதென்றால் அப்படி ஒரு வெட்கம்! செல்பேசியை நீட்டினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். ஆதார் அட்டையில் ஒரு படம் உண்டுதான். ஆனால் அதைக் கண்டால் அவர்களுக்கே அது தாம் என்று தெரியாது.

முப்பதாம் நாள் திருப்பலிக்குப் படம் வேண்டுமே! தேடிப் பார்த்ததில் ஒன்றே ஒன்று அகப்பட்டது. 2004-ஆம் ஆண்டு என் பெற்றோரின் திருமணத்தன்று கோயில் வாசலில் எடுத்த குழுப்படம். ஆறு அங்குல அகலமும் நான்கு அங்குல உயரமுமுள்ள தாளில் ஏறத்தாழ இருபது பேர். இடது ஓரத்தில், யாருடைய இடத்தையும் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதுபோல் ஒடுங்கி, முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு அம்மாச்சி நின்றார்கள். கையில் சுருட்டிப் பிடித்த ஒரு கைக்குட்டை.

கணினி அறிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. படத்தை ஸ்கேன் செய்து, அம்மாச்சி நின்ற இடத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். கணினிக்குப் படம் என்பது புள்ளிகளின் கூட்டம். நான் வெட்டிய துண்டு அகலத்தில் 600 புள்ளி, உயரத்தில் 1000 புள்ளி. மாமா முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த சட்டமோ 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம். துண்டின் ஓரங்களைப் பிடித்துச் சட்டத்தின் அளவுக்கு இழுத்து நிரப்பினேன். ஓரத்தில் ஓர் இழைகூட வெள்ளை தெரியவில்லை. எனக்கு ஒரே பெருமை!

ஸ்டூடியோவில் அச்சிட்டுச் சட்டத்திற்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வந்திருந்த உறவினர், "பரவாயில்லையே, நல்லாப் பூசினாப்புல இருக்காக" என்று பாராட்டினார்கள். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்விட்டார்கள். இரவு எல்லாரும் உறங்கிய பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்கள்: "எங்கம்மாவுக்கு இவ்வளவு சதை என்னைக்குடி இருந்துச்சு? வயிறார சாப்பிட்ட முகமா இருக்கே. இது அவங்க இல்லை."

மறுநாள் படத்தை எடுத்துக்கொண்டு கணக்கு சிஸ்டரிடம் போனேன். சிஸ்டர் முகத்தைப் பார்க்கவில்லை. "காதில் என்னம்மா?" என்று கேட்டார்கள்.

"கல் கம்மல், சிஸ்டர்."

"வட்டமா?"

"ஆமாம், வட்டம்."

"அளந்து பார்."

அளந்தேன். உயரத்தைவிட அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். வட்டக் கம்மல் முட்டையாகிவிட்டிருந்தது!

பிறகு சிஸ்டர் கரும்பலகையில் எழுதினார்கள். அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அந்தச் சட்டத்தை நிரப்ப அகலத்தில் 3600, உயரத்தில் 4500 புள்ளிகள் வேண்டும். 600 என்பது 3600 ஆனால் ஆறு மடங்கு. 1000 என்பது 4500 ஆனால் நாலரை மடங்குதான். ஆறை நாலரையால் வகுத்தால் ஒன்றேகால் அல்ல, ஒன்றும் மூன்றில் ஒன்றும். அம்மாச்சியின் கன்னத்தில் நான் ஏற்றிய சதையின் கணக்கு அதுதான். ஆறாம் வகுப்பில் விகிதமும் விகிதசமமும் படித்து நூற்றுக்கு நூறு வாங்கியவள்தான் நான்.

அகலத்தை எத்தனை மடங்கு பெருக்குகிறோமோ, உயரத்தையும் அத்தனை மடங்கே பெருக்க வேண்டும். அதற்காகவே படம் திருத்தும் மென்பொருள்களில் அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் வசதி இருக்கிறது. சிலவற்றில் அது சிறு சங்கிலியாக வரைந்திருக்கும். நான்தான் அந்தச் சங்கிலியை அவிழ்த்திருந்தேன்.

சிஸ்டர் தம் கணினியில் ஓர் ஓவியத்தையும் காட்டினார்கள். ஹோல்பைன் என்பவர் 1533-இல் வரைந்த "தூதுவர்கள்". இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஆயர். காலடியில் ஏதோ சாம்பல் நிறத் தீற்றல். பக்கவாட்டிலிருந்து சாய்ந்து பார்த்தால் அது ஒரு மண்டையோடு! "அவர் தெரிந்து இழுத்தார், நீ தெரியாமல் இழுத்திருக்கிறாய்" என்று சிஸ்டர் சிரித்தார்கள். இழுத்த படத்தைக் கணக்குப்படி திரும்ப ஒடுக்கிவிடலாம் என்பது எனக்கு ஆறுதலாயிருந்தது.

அன்றிலிருந்து என் கண்ணே மாறிவிட்டது. பழைய திரைப்படங்கள் தொலைக்காட்சியில் வரும்போது சில வேளை எல்லாரும் குட்டையாகவும் பருமனாகவும் தெரிகிறார்களல்லவா? 4-க்கு 3 என்ற விகிதத்திலுள்ள படத்தை 16-க்கு 9 திரை முழுவதும் இழுத்து நிரப்புவதால் வரும் கோளாறு அது. அதிலும் அகலம் கூடுவது அதே மூன்றில் ஒரு பங்குதான்! மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பாருங்கள், தெரிந்துவிடும். வீட்டில் நான் ரிமோட்டைத் தேடினால் தம்பி ஒளித்துவைத்து விடுகிறான்.

தோழியர் கொண்டுவரும் படங்களுக்கும் இதே வைத்தியந்தான். விண்ணப்பம் 35 மில்லிமீட்டர் அகலமும் 45 மில்லிமீட்டர் உயரமும் கேட்டால், முதலில் அந்த விகிதத்தில் வெட்டிக்கொண்டு பிறகுதான் சிறிதாக்க வேண்டும். செல்பேசியில் வைக்கும் முகப்படம் சதுரமாய்ப் போய் வட்டமாய்த் தெரிவது வழக்கம்; சதுரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் மூலைகளில் மறைந்துபோகும். ஆகவே முகத்தைச் சுற்றி இடம் விட்டு வெட்டுவேன். "ஏன்டி என்னை இவ்வளவு சின்னதாக்கினாய்?" என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு.

அம்மாச்சியின் படத்திற்கு வருகிறேன். சட்டத்தை நிரப்பியே தீர வேண்டுமென்றால் உயரத்தில் 250 புள்ளிகளை வெட்டியெறிய வேண்டும். வெட்டினால் போவது கைக்குட்டை பிடித்த கைகள். பூப்பறித்த அந்தக் கைகளை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. உயரத்தை மட்டும் நிரப்பலாமென்றால் படம் 9-க்கு 15 ஆகும். ஆனால் அவ்வளவு பெரிதாக்கினால் இல்லாத புள்ளிகளைக் கணினி அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து உத்தேசமாக இட்டு நிரப்பும், முகம் கலங்கும். முடிவில் 6 அங்குல அகலம், 10 அங்குல உயரம் என்று அச்சிட்டோம். சுற்றிலும் வெள்ளை அட்டையை மவுன்ட் போட்டுச் சட்டத்திற்குள் பொருத்தினோம். கொஞ்சம் மங்கல்தான். கம்மலை அளந்தேன், வட்டம்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து வீட்டில் மெழுகுதிரி ஏற்றினோம். படத்தைப் பார்த்த மாமா, "இத்தனை பெரிய சட்டம் வாங்கினேனே, நடுவில் இத்துனூண்டு படமா?" என்று குறைப்பட்டுக்கொண்டார்கள்.

அம்மா மாலையைச் சரி செய்துகொண்டே, "எங்கம்மா இவ்வளவுதானே அண்ணா இருந்தாங்க" என்றார்கள்.