பின்விளக்கும் ஏதுப்போலியும்

மணிமேகலையின் 29ஆம் காதையைப் பாடமாக நடத்துவது எளிதன்று. காப்பியம் கதையைச் சற்றே நிறுத்திவிட்டு அளவையியல் பேசும் இடம் அது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையில் காண்பதுபோல. இந்த அனுமானம் வரைக்கும் மாணவர்கள் உடன் வருவார்கள். பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பிழைபட்ட அனுமானங்களின் வகைகள் விரியத் தொடங்கியதும் கண்கள் சன்னலுக்குப் போய்விடும். காரணம்போலத் தோன்றிக் காரணமாகாமல் போவதே ஏதுப்போலி. இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு எனக்கு ஒரு சரக்கு வண்டியின் அடியில் கிடைத்தது.

என் மைத்துனர் சேரப்பணஞ்சேரியில் வசிக்கிறார். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி, ஒரகடத்துக்கு முன்னால் வரும் ஊர். ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் கார் ஆலையும் 2012இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர் ஆலையும் திறக்கப்பட்டன. ஏரிப் பாசனத்தின் கணக்கில் விடிந்த ஊர்கள் ஷிப்டுக் கணக்கில் விடியத் தொடங்கின. மைத்துனரின் பிக்கப் வண்டி ஆலை கேன்டீன்களுக்குக் காய்கறி கொண்டுபோகிறது. அதிகாலை நாலரை மணிக்குப் புறப்பட வேண்டும். திருப்ப இடமில்லாத தெரு. பின்னோக்கியேதான் வெளியே வர வேண்டும்.

தெருமுனை வீட்டில் ஒரு மூதாட்டி. மார்கழியில் அந்நேரத்துக்குக் கோலமிட அமர்ந்திருப்பார். காது கேளாது. வண்டியில் மாட்டியிருக்கும் ரிவர்ஸ் ஹாரனின் பாட்டு அவருக்கு எட்டுவதில்லை. தரையில் திடீரென்று வெள்ளை வெளிச்சம் பரவினால் எழுந்து ஒதுங்கிக்கொள்வார். ஒரு நாள் அந்த வெளிச்சம் வரவில்லை. பால் ஊற்ற வந்தவர் போட்ட கூச்சலில் வண்டி நின்றபோது, பாதிக் கோலம் சக்கரத்தின் அடியில் இருந்தது.

"ஹாரன் பாடிச்சே மாமா, லைட்டும் எரியுதுன்னுதான் நெனச்சேன்" என்றார் மைத்துனர். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதில் தர்க்கம் இல்லாமல் இல்லை. இரண்டும் ஒரே கியரில் உயிர்பெறுபவை. தெருவிளக்கின் வெளிச்சத்தில், பின்னால் தன் விளக்கு எரிகிறதா என்பதை அவர் கவனிக்கவுமில்லை.

பின்விளக்கின் அமைப்பு எளிமையானது. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் சாவியையும் ஃபியூஸையும் கடந்து கியர் பாக்ஸில் திருகியிருக்கும் சிறு சுவிட்சுக்கு வருகிறது. பின்கியர் விழும்போது அந்தச் சுவிட்ச் அழுந்திப் பாதை திறக்கிறது. அங்கிருந்து சேஸிஸ் நெடுகிலும் ஒயர் பின்பக்கம் ஓடிப் பல்புகளை அடைகிறது. பல்புகளிலிருந்து வண்டியின் உடம்பு வழியாக, அதாவது எர்த்து வழியாக, பேட்டரிக்கே திரும்புகிறது. இதில் எந்தக் கண்ணி விட்டாலும் இருட்டுதான்.

படப்பையிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் முதலில் பல்பைத் தொடவில்லை. இரண்டு விளக்கும் ஒரே நாளில் தீய்ந்துபோவது அபூர்வம்; ஆகவே குற்றம் இரண்டுக்கும் பொதுவான பாதையில் இருக்க வேண்டும். கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்து, என்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பிப் பின்கியரைப் போடச் சொன்னார். ஹாரன் பாடியது. "பாட்டு கேக்குதுல்ல சார், அப்போ ஃபியூஸும் சுவிட்சும் நல்லா இருக்கு" என்றார். ஹாரனுக்கான ஒயர், சுவிட்சைத் தாண்டிய உடனேயே கிளை பிரிந்திருந்தது. என் மைத்துனரை ஏமாற்றிய அதே ஒலி, இவருக்கு மெய்யான ஏதுவாகிவிட்டது. விளக்கு எரிகிறது என்பதற்கு அது சான்றன்று; கிளை பிரியும் இடம் வரை மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டுமே சான்று.

அடுத்து, பல்புகளைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தார். 12 வோல்ட் காட்டியது. மின்சாரம் கடைசி வரை வந்துவிட்டதே என்றேன். அவர் சிரித்தார். ஒயரின் இரு முனைகளில் சிறு பல்பைக் கட்டிய டெஸ்ட் லாம்ப் ஒன்றை அதே இடத்தில் வைத்தார். எரியவில்லை. எர்த்துக்குத் தனி ஒயர் இழுத்து வைத்துப் பார்த்தார். அப்போதும் எரியவில்லை.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அது இம்மியளவு மின்சாரத்தை வாங்கிக்கொண்டே கணக்குச் சொல்லிவிடும். நலிந்த பாதைகூட அவ்வளவைக் கொடுத்துவிடும். 21 வாட் பல்பு எரிய ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ஆம்பியர் வேண்டும். வேலை கேட்டபோதுதான் பாதையின் நலிவு வெளிப்பட்டது. டெஸ்ட் லாம்பை முன்னோக்கி நகர்த்திக்கொண்டே போனார். பின்சக்கரத்துக்கு மேலிருந்த கனெக்டருக்கு முன்னால் பளிச்சென்று எரிந்தது, பின்னால் அணைந்தது. பிரித்தால் உள்ளே செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு. வண்டி கழுவிய நீரும் மழைச் சேறும் மாதக்கணக்கில் செய்த வேலை. களிம்பேறிய பகுதியை வெட்டி எறிந்து, நல்ல செம்பு தெரியும்வரை ஒயரைச் சீவி, புதிய கனெக்டர் போட்டு, நீர் புகாமல் உறையிட்டார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

2019 ஜூலை முதல் இந்தியாவில் புதிய கார்களுக்குப் பின்புற சென்சார் கட்டாயமாகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதன் ஒலி ஓட்டுபவரின் காதுக்கானது. பின்விளக்கு வெளியே நிற்பவரோடும் பேசுகிறது. அது அணைந்துபோனதை முதலில் அறிகிறவரும் அவரே. அந்த மூதாட்டியின் கண்ணுக்குத் தெரிந்தது, ஓட்டுநரின் காதுக்கு எட்டிய சான்றில் இல்லை. நமக்குள் கேட்கும் ஒலியை வைத்துப் பிறருக்கு வெளிச்சம் கிடைத்துவிட்டதாக முடிவு செய்வது வண்டியோட்டிகளிடம் மட்டும் காணப்படும் பிழையன்று.

மைத்துனர் இப்போது புறப்படுமுன் பின்கியரைப் போட்டுவிட்டு, கண்ணாடியில் பின்சுவரைப் பார்க்கிறார். சுவரில் வெள்ளை விழுந்த பிறகே கைப்பிரேக்கை விடுகிறார்.