ஒரு தப்பான வார்த்தையும் இருபது வருச வயித்தெரிச்சலும்

1/
போன வாரம் ஓ.பி.யில் அன்னூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். "வயித்தெரிச்சலுங்க சாமி, நெஞ்சுக்குழி வரைக்கும் ஏறுதுங்க" என்றார். எத்தனை நாளா என்று கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் கூட வந்த மருமகள் சொன்னார்: "பக்கத்து ஊட்டுல புதுக் காரு வந்ததுல இருந்துதானுங்க டாக்டர்!"

அந்த அம்மா உட்பட எல்லாரும் சிரித்தோம். கேட்க வேண்டியதைக் கேட்டு, மாத்திரை எழுதி அனுப்பினேன். ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. காரணம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அதைப் பத்தித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையாப் படிங்க.

2/
நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். மருத்துவக் கல்லூரியில் என் ரூம்மேட் சோமனூர்ப் பையன், தறிக்காரர் வீடு. நர்சரியிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். முதல் வருசம் அனாட்டமி புத்தகத்தைத் திறந்து நான் முழிச்சப்ப, ராத்திரி ராத்திரி உட்கார்ந்து வரிக்கு வரி அர்த்தம் சொன்னவன் அவன். பதிலுக்கு நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. ஞாயித்துக்கிழமையானா எங்கப்பா தூக்குப்போசியில் கொண்டு வர்ற கறிக்குழம்புல பாதி அவனுக்கு.

கடைசி வருசம் மெடல் அவனுக்கு. முதல் முயற்சியிலேயே பி.ஜி. சீட்டும் அவனுக்கு.

3/
பிரியும்போது ஆட்டோகிராப் நோட்டை நீட்டினான். "உன்னைப் பாத்து எல்லாரும் பொறாமைப்படற மாதிரி இருக்கறே" என்று எழுத நினைச்சேன். தமிழ்ல எழுதியிருக்கலாம். கெத்தா இருக்கட்டும்னு இங்கிலீஷ்ல எழுதினேன்: "யூ ஆர் ஆன் என்வியஸ் பெர்சன்."

படிச்சான். ஒரு நிமிசம் பேசல. நோட்டை மூடினான். "சரிடா" என்றான்.

அன்னைக்கு மெஸ்ஸில் இன்னொரு நண்பன் தலையில் அடிச்சுக்கிட்டான். "டேய், அவனைப் பொறாமை புடிச்சவன்னு எழுதியிருக்கறடா!"

4/
தப்பு எங்கேன்னு பார்ப்போம். இன்னைக்கும் நிறையப் பேர் செய்யற தப்பு இது.

'என்வியஸ்' என்றால் பொறாமை உள்ளவன். 'என்வியபிள்' என்றால் பிறர் பொறாமைப்படும்படி இருப்பவன், அல்லது இருப்பது. முதல் வார்த்தை பார்க்கிறவனைச் சொல்லுது. ரெண்டாவது, பார்க்கப்படுகிறவனை.

ஞாபகம் வெச்சுக்க ஒரு டாக்டர் வழி சொல்றேன். 'வெனமஸ்' பாம்புன்னா விஷம் பாம்புக்குள்ளேயே இருக்கு. என்வியஸும் அப்படித்தான், சரக்கு உள்ளேயே இருக்கு. 'கியூரபிள்'னா குணப்படுத்தக்கூடியது. அது நோய்க்குச் சொல்ற வார்த்தை, வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கு இல்லை. என்வியபிளும் அதே கணக்கு. உங்க நண்பருக்கு நல்ல வேலை கிடைச்சா அது என்வியபிள் வேலை. அதைக் கேட்டு உங்களுக்கு உள்ளே ஏதோ சுருக்குனு தைச்சா, நீங்க என்வியஸ்.

5/
'ஜெலஸ்' வேறயான்னு கேப்பீங்க. பேச்சில் ரெண்டையும் கலந்துதான் அடிக்கிறோம். உன்னிப்பாப் பார்த்தா வித்தியாசம் உண்டு. அடுத்தவனிடம் இருப்பது என்னிடம் இல்லையேங்கறது என்வி. என்னிடம் இருப்பதை இன்னொருத்தன் கொண்டு போயிடுவானோங்கறது ஜெலஸி.

இந்தப் பயம் முத்தினா நோயே ஆகலாம். ஆதாரமே இல்லாம மனைவியையோ கணவரையோ ஓயாமச் சந்தேகப்படறதுக்கு 1955இல் டாட், டியூஹர்ஸ்ட் என்ற இரு மருத்துவர்கள் ஷேக்ஸ்பியர் நாடகப் பாத்திரத்தை வெச்சு 'ஒதெல்லோ சிண்ட்ரோம்'னு பேர் வெச்சாங்க. நீண்ட நாள் குடிப்பழக்கத்தோட சேர்ந்து வர்றதுண்டு. வீட்டில் அப்படி யாராவது இருந்தா சண்டை போட்டுத் தீர்க்கப் பார்க்காதீங்க. மனநல மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க. அது குணம் இல்லை, நோய். வைத்தியம் இருக்கு.

6/
இதே குடும்பத்துல மூணாவதா ஒண்ணு இருக்கு: 'இன்விடியஸ்'. பொறாமையையும் மனக்கசப்பையும் கிளப்பிவிடும் செயலைச் சொல்வது. பெரும்பாலும் ஒப்பீட்டுக்குத்தான் இந்த அடைமொழி.

பிளஸ் டூ ரிசல்ட் சமயத்துல வயித்து வலின்னு பசங்க வருவாங்க. ஸ்கேன் நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல். பையன் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போதே அம்மா ஆரம்பிப்பாங்க: "இவன் பெரியம்மா பையன் எவ்ளோ மார்க்குங்க தெரியுமா டாக்டர்?" அந்தப் பையன் தலையைக் குனியறதைப் பார்த்தா எனக்கு இன்விடியஸுக்கு வேற விளக்கமே தேவைப்படல.

7/
இந்த மூணும் ஒரே வேர். லத்தீன்ல 'பார்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தவை. கெட்ட எண்ணத்தோடு பார்ப்பதுதான் அங்கே பொறாமை.

நமக்கு இது புதுசா? குழந்தை கன்னத்தில் கருப்புப் பொட்டு. கட்டுற வீட்டு முன்னாடி கோரப்பல் வரைஞ்ச பூசணிக்காய். சங்ககிரி லாரி முன்னாடி எலுமிச்சையும் மிளகாயும். எல்லாம் 'கண்ணு' படாம இருக்க. வேடிக்கை என்னன்னா, நம்மூர்ல பிள்ளையைக் கொஞ்சறதும் அதே வார்த்தைதான்: "என்ற கண்ணு!"

ஆனா ஒண்ணு கவனிங்க. இந்த ஏற்பாடெல்லாம் என்வியபிளா இருக்கறவனுக்கு. புது வீடு கட்டினவனுக்கு, புதுக் காரு வாங்கினவனுக்கு. என்வியஸா இருக்கறவனுக்கு யாரும் சுத்திப் போடறதில்லை.

8/
அவனுக்கும் ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார். திருக்குறள்ல 17ஆம் அதிகாரம் அழுக்காறாமை. அதுக்கு முந்தின அதிகாரம் எது தெரியுமா? பொறையுடைமை. அதாவது பொறுத்துக்கொள்ளும் பண்பு. 'பொறாமை'யும் அந்தப் 'பொறு'விலிருந்து வந்த சொல்தான். அடுத்தவன் உயர்வைப் பொறுக்க முடியாமை. லத்தீன்காரன் குறையைக் கண்ணுல வெச்சான். தமிழ் அதைத் தாங்கும் சக்தியில வெச்சது. டாக்டரா எனக்குத் தமிழ்க் கணக்குதான் சரின்னு படுது.

9/
அறிவியலும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லுது. 2009இல் ஜப்பானில் தகாஹாஷி குழுவினர் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தாங்க. தன்னைப் போன்றவன் தன்னைவிட மேலே இருக்கான்னு நினைக்கும்போது, வலியோடு தொடர்புடைய ஒரு பகுதி தூண்டப்பட்டுச்சு. அவனுக்கே கெட்டது நடக்கிற கதையைச் சொன்னப்ப, பரிசு கிடைச்சா மகிழும் பகுதி தூண்டப்பட்டுச்சு.

வயித்தெரிச்சல்ங்கறது வெறும் பேச்சு வழக்கு இல்லைங்க. நிஜமாவே வலிக்குது. அடுத்தவனுக்கு அடி விழும்போது, அந்த வலிக்கு ஒரு மாத்திரை கிடைச்ச மாதிரி இருக்கு. ஆபத்தே அங்கதான்.

10/
இப்போ உண்மையைச் சொல்றேன். மெஸ்ஸில் அர்த்தம் தெரிஞ்சப்ப அவன் ரூமில்தான் பெட்டி கட்டிட்டு இருந்தான். மாடியேறிப் போய் "டேய், வார்த்தை மாறிப்போச்சுடா"ன்னு சொல்ல ரெண்டு நிமிசம் போதும். நான் போகல. கூச்சம்னு இத்தனை வருசம் எனக்கு நானே சொல்லிட்டு இருந்தேன். கூச்சம் இல்லை. மெடல் வாங்கினவன் முகம் ஒரு நிமிசம் வாடினது எனக்குள்ள எங்கேயோ இனிச்சது. எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவன் முகம் அது.

அந்த வாக்கியத்துல வார்த்தை சரி. ஆள்தான் மாறிப்போச்சு. 'யூ ஆர்' இருந்த இடத்துல 'ஐ ஆம்' இருந்திருக்கணும்.

11/
அந்த அம்மா வந்து போன மறுநாள் அவனுக்குப் போன் போட்டேன். கல்யாணம், காதுகுத்துன்னு பார்த்துப்போம், ஆனா இதைப் பேசினதே இல்லை. மெஸ்ஸில் நடந்தது, மாடி ஏறாதது, எல்லாத்தையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான்: "நீ தப்பா எழுதினேன்னு நான் நெனைக்கவே இல்லைடா. கண்டுபுடிச்சுட்டான்னுதான் நெனச்சேன்."

"எதைடா?"

"வாரா வாரம் உங்கப்பா பஸ் ஏறி வருவாரு. எங்கப்பாவுக்குத் தறியை விட்டுட்டு வர முடியாது. அஞ்சு வருசத்துல ஒரு தடவைகூட வரலை. நீ போசியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது."

நான் பாதி கொடுத்தது கறிக்குழம்பு மட்டும்தான்.

12/
அந்த நோட்டு இன்னும் அவன்கிட்ட இருக்காம். பேனா எடுத்துட்டு வந்து திருத்தட்டுமான்னு கேட்டேன். "வேண்டாம், கீழே நானும் ஒரு கையெழுத்துப் போட்டுடறேன்"னு சிரிச்சான்.

பி.கு: வயித்தெரிச்சல் ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சாலோ, காரணமில்லாம எடை குறைஞ்சாலோ, முழுங்க சிரமமா இருந்தாலோ, மலம் தார் மாதிரி கருப்பாப் போனாலோ டாக்டரைப் பாருங்க. எரிச்சலோட வேர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கி, கையோ தாடையோ வலிச்சா ஒரு நிமிசம்கூடத் தாமதிக்காம 108ஐக் கூப்பிடுங்க. எல்லா வயித்தெரிச்சலும் பக்கத்து ஊட்டுக் காரால வர்றதில்லைங்க.