அழைப்பை ஏற்றல்

விருந்தினரை வரவேற்பது அறம். அன்புடையோர் அழைப்பை மனமுவந்து ஏற்பதும் அறமே. முன்னதற்குத் திருக்குறளில் தனி அதிகாரமே உண்டு. பின்னதன் பெருமையை வேதாரண்யத்தின் வரலாறு உணர்த்துகிறது.

1930ஆம் ஆண்டு, காந்தியடிகளின் தண்டி யாத்திரையைத் தொடர்ந்து, தமிழகத்திலும் உப்புச் சத்தியாகிரகம் நடத்த இராஜாஜி முனைந்தார். அதற்கு ஏற்ற களம் தம் ஊரே என்று வேதாரண்யத்து வேதரத்தினம் பிள்ளை அழைத்தார். அவர் உப்பு வணிகர். உப்பால் வாழ்ந்தவரே உப்புச் சட்டத்தை மீற வருவோருக்கு விருந்தளிக்க முன்வந்தார். இராஜாஜி அவ்வழைப்பை மகிழ்ந்து ஏற்றார்.

ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்கள் நடக்கத் தொடங்கினர். செல்லவேண்டிய தொலைவு சுமார் 150 மைல். அவர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் சிறை செல்ல நேரும் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். நெல் விளையும் காவிரி நாட்டில் சோறிடுதல் குற்றமாயிற்று! ஆயினும் அன்பு வழி கண்டது. சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே விருந்தளித்தார். அதற்காகச் சிறையும் சென்றார்.

தாம் உண்ணும் ஒவ்வொரு பிடியும் இட்டவரைச் சிறைக்கு அனுப்பக்கூடும் என்பதைத் தொண்டர்கள் அறியாதவர்கள் அல்லர். பிறர் துன்புறலாகாது என்று அவர்கள் மறுத்திருந்தால் அஃது இரக்கமாகத் தோன்றியிருக்கும். ஆனால், அழைத்தவரின் துணிவை ஐயுற்றதாகவும் அது முடிந்திருக்கும். ஆகவே அவர்கள் சோற்றை ஏற்றனர். இட்டவர் ஏற்ற துன்பத்தில் தாமும் பங்குகொள்ளத் தொடர்ந்து நடந்தனர்.

ஏப்ரல் 28ஆம் நாள் வேதாரண்யம் அவர்களை வரவேற்றது. 30ஆம் நாள் இராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். வேதரத்தினமும் சிறைப்பட்டார், அவருடைய உடைமைகள் பறிமுதல் செய்யப்பட்டன. விருந்தினரும் விருந்தளித்தவரும் ஒரே துன்பத்தைப் பகிர்ந்துகொண்டனர்.

இன்று நண்பர் இல்லத் திருமணத்திற்கோ ஊர்த் திருவிழாவிற்கோ செல்வதில் இத்தகைய இடர் ஏதுமில்லை. எனினும் அழைப்பவர், தம் வீட்டின் எளிமையையும் குறையையும் மறைக்காமல் நம்முன் திறந்து வைக்கிறார். அந்நம்பிக்கைக்கு நாம் தரும் மறுமொழியே 'வருகிறேன்' என்னும் சொல். அதை உளமாரச் சொல்லுதல் வேண்டும். சொன்னபின் தவறாது செல்லுதலும் வேண்டும்.