ரீச்சர் உறை போட்டு மூடின கொம்பியூட்டர்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கோ.

வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் எங்கள் பாடசாலைக்குக் கொம்பியூட்டர்கள் அனுப்பியிருந்தார்கள். விண்டோஸ் லைசன்சுக்குக் காசு இல்லை. களவாகப் போடவும் மனம் வரவில்லை, கையில் தந்தது அமானிதம் அல்லவா. ஆகவே லினக்ஸும் லிப்ரே ஒபிஸும் போட்டோம். இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். அந்தப் பகுதியைப் பார்க்கிற எங்கள் இரண்டு பேருக்கும் அதில் பெரிய பெருமை.

பெருமை மூன்றாம் தவணை வினாத்தாள் வரைக்கும்தான் நீடித்தது.

எங்களோடு படிப்பிக்கிற தமிழ் ரீச்சர் ஓய்வுக்குக் கிட்ட நிற்கிறவ. அந்தக் காலத்தில் தட்டச்சுப் படித்த கை. பாமினியில் அவ ரைப் பண்ணுற வேகம் எங்கள் ஒருவருக்கும் வராது. புது மெஷினில் வந்து இருந்தா. விசைப்பலகைப் பட்டியலில் தமிழைத் தேடினால் ஆறேழு தமிழ் வந்தது. இன்ஸ்கிரிப்ட், தமிழ்நெட் 99, அதிலேயே டாப் என்று ஒன்று, டிஸ்கி என்று ஒன்று, இலங்கை என்று வேறொன்று. பாமினி இல்லை. ஒன்றைத் தெரிந்தெடுத்து "அம்மா" என்று அடித்தா. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்து விழுந்தன. மெஷினைப் பழுதாக்கிப்போட்டேன் என்று பயந்து, உறையைப் போட்டு மூடிவிட்டு, நெல்லியடிச் சந்தியில் பக்கக் கணக்குக்குக் காசு கொடுத்து ரைப் பண்ணுவித்தா.

"எனக்கு உது வராது தம்பி. வயசு போட்டுது."

நாங்கள் சொன்ன பதிலை எழுத வெட்கமாக இருக்கிறது. "பழகினால் சரி ரீச்சர்."

பிழை ரீச்சரில் இல்லை. டாப், டிஸ்கி என்பவை யுனிகோட் பரவுவதற்கு முந்திய குறியேற்றங்கள். தமிழ்நெட் 99 விசைப்பலகையை 1999 இல் ஏற்ற தமிழ்நாடு அரசே 2010 இல் யுனிகோடுக்கு வந்துவிட்டது. ஆனால் நாங்கள் போட்ட பதிப்பில் அந்தப் பெயர்கள் இன்னும் வரிசையில் நிற்கின்றன, எது எதற்கு என்று ஒரு சொல் விளக்கம் இல்லாமல். ஆக்கினவருக்கு விளங்கும். பிறகு வந்து இருக்கிறவருக்கு எப்படி விளங்கும்?

இந்தத் தொழிலில் எங்கள் ஊரவர் ஒருவர் முன்னோடி. 1886 இல் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா சிங்கப்பூரில் இருந்துகொண்டு தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தார். 247 எழுத்தை ஒரு சின்ன விசைப்பலகைக்குள் அடக்க வேண்டும். அதற்கு அவர் வைத்த நகரா விசையை அடித்தால் குறி பதியும், தாள் நகராது, அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து சேரும். பழக்கத்தை விடு என்று அவர் மனிசரிடம் கேட்கவில்லை, இரும்பை வளைத்தார். பாமினியும் அந்தத் தட்டச்சு வழியில் வந்ததுதான். "கொ" அடிக்க ரீச்சரின் விரல் முதலில் கொம்புக்குப் போகும், கையால் எழுதுகிற மாதிரி. தமிழ்நெட் 99 இல் முதலில் "க", பிறகுதான் "ஒ". நாற்பது வருசக் கையை நாங்கள் பழகச் சொன்னோம்!

கல்வியியற் கல்லூரியில் எங்களைப் பின்வாங்கில் இருத்தி, வாய் திறக்காமல் வகுப்பைப் பார்த்துக் குறிப்பெடுக்க விடுவார்கள். அதை ரீச்சரோடு செய்தோம். பக்கத்தில் கதிரை போட்டு அரை மணித்தியாலம், ஒரு சொல் சொல்லவில்லை. (கஷ்டம்தான், இரண்டு தரம் கை சுட்டிக்குப் போய்த் திரும்பியது.) எங்கே நின்றா, எதை வாசித்து முகம் சுருங்கினது என்று எழுதினோம். ஒரு கொப்பிப் பக்கம் நிரம்பியது. பிறகு தேவையில்லாத தமிழ்களை எல்லாம் எடுத்துவிட்டு, தட்டச்சு முறை ஒன்றை மட்டும் வைத்தோம். பாமினிக்கு அச்சொட்டு இல்லை, ஆனால் விரல்கள் பெரும்பாலும் இடம் கண்டுவிட்டன.

சும்மா கிடைக்கிறதில் குறை சொல்லக்கூடாது என்று சிலர் நினைக்கிறீர்கள். குறை சொல்லத்தான் அந்தக் கதவு திறந்து கிடக்கிறது. பிளெண்டரில் ஒரு பொருளைத் தெரிவு செய்ய வலப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பல வருசமாகப் புதியவர்கள் தடுமாறினார்கள். 2019 இல் வந்த 2.80 பதிப்பில் இடப் பொத்தானையே இயல்பாக்கினார்கள். 2025 இல் ஒஸ்கார் எடுத்த 'ஃப்ளோ' படம் அந்த மென்பொருளில் செய்ததுதான். பயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ் இரண்டின் தமிழ்ச் சொற்களையும் இணையத்தில் யாரும் திருத்த முன்வரலாம். அதற்கு நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை.

நாங்களும் அந்தக் கொப்பிப் பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருக்கிறோம். உங்கள் வீட்டில், கடையில், கந்தோரில் இப்படித் தடக்குப்பட்ட இடம் இருந்தால் கீழே எழுதுங்கோ, படம் எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது. சேர்த்து அனுப்புவோம், இன்ஷா அல்லாஹ்.

பதில் இன்னும் வரவில்லை. ரீச்சர் ஒவ்வொரு நாளும் வந்து கேட்கிறா.