விளக்கை அணைத்தேன், பூ பூத்தது!

ஜப்பான் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? எனக்கு அந்த நாளில் ‘போன்சாய்’தான். உள்ளங்கை அகலத் தட்டில் நூறு வயசு மரம்! அவருக்கு டோக்கியோவுக்கு மாற்றல் என்றதுமே, நாமும் ஒன்று வளர்த்துவிட வேண்டியதுதான் என்று மனசுக்குள் திட்டம் போட்டுக்கொண்டேன். கடைசியில் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது போன்சாய் இல்லை. என் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்த ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டி!

2018 மார்ச்சில் போய் இறங்கினோம். கிழக்கு டோக்கியோவில், எடோகாவா வட்டாரத்தில் நிஷி-கசாய் என்று ஓர் இடம். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருப்பதால் துவரம்பருப்புக்குக்கூடப் பஞ்சமில்லை. ஐந்தாவது மாடியில் சின்ன வீடு. பால்கனி அகலம் மூன்றடி, நீளம் பன்னிரண்டடி. அதில் பாதியைத் துணி உலர்த்தும் கம்பும் ஏ.ஸி.யின் வெளிப்பெட்டியும் பிடித்துக்கொண்டன.

நான் விடுவேனா? நூறு யென் கடையில் எட்டுத் தொட்டிகள் வாங்கி, கொத்தமல்லி, புதினா, மிளகாய் என்று நட்டு, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே இருந்த மெல்லிய தடுப்புப் பலகையை ஒட்டி வரிசையாக அடுக்கிவிட்டேன். மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து கதவைத் தட்டினார். நாலு தடவை குனிந்து வணங்கிவிட்டு, தயங்கித் தயங்கி அந்தப் பலகையைக் காட்டினார். அதில் ஜப்பானிய மொழியில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு எங்கே படிக்கத் தெரிந்தது? அவர் வந்து படித்துச் சொன்னார்: “அவசர காலத்தில் இந்தப் பலகையை உடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத் தப்பிச் செல்லவும்னு போட்டிருக்கு. பூகம்பமோ தீயோ வந்தா இதுதான் வழி. நீ அதை அடைச்சு வெச்சிருக்கே!”

வெட்கத்தால் எனக்கு முகமே சிவந்துவிட்டது. அன்றைக்கே ஐந்து தொட்டிகளைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

சமாதானமாகப் பாட்டி தன் பால்கனியைக் காட்டக் கூப்பிட்டார். அதே மூன்றடி அகலம்தான். ஆனால் என்ன விசாலம்! மொத்தமே ஐந்து தொட்டிகள். பூத்திருக்கும் செடி மட்டும் அறையில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே தெரிகிற இடத்தில், ஒரு மரப்பலகை மேல். பூத்து முடிந்தது பின்னால் போய் ஓய்வெடுக்கும். அடுத்தது முன்னால் வரும். ஒவ்வொரு தொட்டியைச் சுற்றியும் கொஞ்சம் வெறும் இடம். தோட்டம் என்றால் நிரப்புவது என்று நினைத்திருந்த எனக்கு, காலியாக விடுவதும் தோட்டம்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஜூன் வந்ததும் பாட்டி ஓர் ஓரத்தில் வலை கட்டிக் கொடி ஏற்றினார். உற்றுப் பார்த்தால், நம்ம பாகற்காய்! அங்கே ‘கோயா’ என்கிறார்கள். 2011 மார்ச் பூகம்பத்துக்குப் பிறகு மின்சாரத் தட்டுப்பாடு வந்ததே, அப்போது ஜன்னலுக்கு நிழல் தந்து ஏ.ஸி. செலவைக் குறைக்க ‘பச்சைத் திரை’ என்று ஊரெங்கும் இதைப் படரவிட்டார்களாம். பாட்டி தந்த பாகற்காயில் பிட்லை செய்து ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். காரத்தில் கண் கலங்கினாலும் கிண்ணம் காலியாகத் திரும்பி வந்தது!

இனி என் பையன் கதை. அவனை ஏப்ரலில் அங்குள்ள அரசாங்கப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்தோம். வீட்டில் வாய் ஓயாத பிள்ளை, பள்ளியில் வாயே திறக்கவில்லை. மத்தியானம் வந்ததும் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எனக்கோ என் தனிமையே பெரிய பாரம். ராத்திரி அம்மாவிடம் போனில் பேசினால்தான் பொழுது விடியும். சென்னையில் அம்மா சீரியலெல்லாம் முடித்து உட்கார ஒன்பது மணி. எங்களுக்கு அப்போது பன்னிரண்டரை. கூடத்து விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு மணி, ஒன்றரை மணி வரை பேசுவேன்; அழுவேன். அதே கூடத்தின் மூலையில் பையன் படுத்திருப்பான்.

ஜப்பானில் முதல் வகுப்புக் குழந்தைகள் ஆளுக்கொரு தொட்டியில் ‘அஸாகாவோ’ வளர்ப்பது வழக்கம். ‘காலை முகம்’ என்று அர்த்தம். புனல் மாதிரி விரிந்து, காலையில் பூத்து மத்தியானத்துக்குள் வாடிவிடுகிற கொடிப்பூ. என் பையன் மே மாசம் போட்ட விதை அழுகிப்போய், ஜூனில் டீச்சர் வேறு விதை கொடுத்தார்.

ஜூலை 6 முதல் 8 வரை இரியாவில் அஸாகாவோ சந்தை நடக்கும். எடோ காலத்திலிருந்தே டோக்கியோக்காரர்களுக்கு இந்தப் பூமேல் தனிப் பைத்தியம். நடுவில் நின்றுபோன சந்தையை 1948-ல் மறுபடி ஆரம்பித்தார்களாம். பாட்டி எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார். தெருவெல்லாம் தொட்டிகள்! ஒரே தொட்டியில் நாலு நிறப் பூக்கள், வளையங்களில் சுற்றி விளக்குக் கூண்டு மாதிரி. “என் செடியும் இப்படிப் பூக்குமாம்மா?” என்று என் பையன் கேட்டுக்கொண்டே வந்தான்.

கோடை விடுமுறைக்குத் தொட்டி வீட்டுக்கு வந்தது. பூவைப் பார்த்துப் படம் வரைந்து, குறிப்பு எழுதி, பள்ளி திறக்கும்போது கொண்டுபோக வேண்டும். அந்த வருஷம் வெயில் சொல்லி மாளாது. ஜூலை 23-ஆம் தேதி, டோக்கியோவுக்கு வடமேற்கே குமகாயாவில் 41.1 டிகிரி! ஐயோ பாவம் என்று நான் உச்சி வெயிலில் தொட்டி நிறையத் தண்ணீரை ஊற்றினேன். சாயங்காலம் செடி துவண்டு கிடந்தது. பாட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். மத்தியானம் ஊற்றிய தண்ணீர் தொட்டிக்குள் சூடேறி வேரை வேகவைத்துவிடுமாம். “தண்ணீர் ஊற்றக் கத்துக்கவே மூணு வருஷம்” என்று அங்கே தோட்டக்காரர்களிடம் ஒரு வழக்கு உண்டு. எனக்கோ மூன்று வாரம்தான் இருந்தது!

செடி எப்படியோ பிழைத்துக்கொண்டது. கொடி வீசியது. இலை தழைத்தது. ஆனால் மொட்டு? ஒன்றுகூட இல்லை. எதிர்ப்புற பால்கனிகளில் எல்லாம் நீலமும் சிவப்புமாகப் பூத்துத் தள்ளுகிறது. ஒருநாள் பையன் கேட்டான்: “அம்மா, என் செடிக்கு மட்டும் ஜப்பான் பாஷை தெரியலையாம்மா?”

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் பாட்டி வந்தார். செடியைப் பார்த்தார். எங்கள் கூடத்துக் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். மேலே விளக்கைப் பார்த்தார். பையனிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அவனும் பதில் சொன்னான், ஜப்பானிய மொழியில்! பிறகு என்னிடம் திரும்பி, “அம்மா, செடிக்கு ராத்திரி நல்லா இருட்டா இருந்தாத்தான் மொட்டு வருமாம். நம்ம வீட்ல லைட் எரியறதால அதுக்குத் தூக்கமே இல்லையாம்” என்றான். கொஞ்சம் நிறுத்தி, “எனக்கும்தாம்மா” என்றான்.

பாட்டி எத்தனை ராத்திரி அந்த வெளிச்சத்தைப் பார்த்திருப்பார்! ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

விஷயம் இதுதான்: அஸாகாவோ, நீண்ட இரவு வந்தால்தான் மொட்டு கட்டும் இனம். இருட்டின் நடுவே விளக்கு வெளிச்சம் பட்டால், இரவு இன்னும் நீளவில்லை என்று எண்ணி இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். அன்று முதல் மாலை ஆறு மணிக்குப் பெரிய அட்டைப்பெட்டியால் செடியை மூடி, காலை ஏழு மணிக்கு எடுத்தோம். ஒன்பது மணிக்குக் கூடத்து விளக்கை அணைத்தேன். அம்மாவிடம் பேசுவதை எங்கள் காலை பத்து மணிக்கு மாற்றிக்கொண்டேன். அங்கே ஆறரை, அம்மா காபி குடிக்கிற நேரம். ஆச்சரியம் என்னவென்றால், பகல் வெளிச்சத்தில் பேசும்போது அழுகை அவ்வளவாக வரவில்லை!

பத்து நாளைக்குப் பிறகு பெட்டியை எடுத்துவிட்டோம். விளக்கு மட்டும் ஒன்பதுக்கு அணைந்துகொண்டே இருந்தது. இலைக் கக்கத்தில் ஊசி முனை மாதிரி மொட்டுகள். ஆகஸ்ட் 20-ஐத் தாண்டி ஒரு விடியற்காலை, ஐந்து மணிக்குக் கண் விழித்தால் பையனைப் படுக்கையில் காணோம். பால்கனியில் நிற்கிறான். எதிரே உள்ளங்கையளவு நீலப் பூ! தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் பார்த்து, “ஸைத்தா! ஒபாசான், ஸைத்தா!” என்று கத்தினான். ‘பூத்துவிட்டது பாட்டி’ என்று அர்த்தம். பள்ளியில் வாய் திறக்காத பிள்ளை, அக்கம்பக்கம் எழுந்துவிடுகிற மாதிரி கத்தினான்! நானும் அடக்கவில்லை.

இடம் சின்னதாக இருக்கும் சகோதரிகளுக்கு, பாட்டியிடம் நான் கற்றவை சில:

* மூன்று தொட்டி போதும். பூப்பது முன்னால், மற்றவை பின்னால். வெளியேறும் வழியை ஒருநாளும் அடைக்காதீர்கள்.

* சிமென்ட் தரையில் தொட்டியை நேராக வைக்காமல், செங்கல் அல்லது மரச்சட்டம் மேல் வையுங்கள். ஏ.ஸி. வெளிப்பெட்டியின் அனல்காற்று படவே கூடாது.

* பாட்டியின் கலவை: ‘அகதமா’ என்ற சிவப்பு மண் குருணை 7 பங்கு, இலைமக்கு 3 பங்கு. குருணையாக இருந்தால்தான் தண்ணீரும் வடியும், வேருக்குக் காற்றும் கிடைக்கும்.

* கோடையில் அதிகாலையும் மாலையும் தண்ணீர். அடித் துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கினால் கொட்டிவிடுங்கள்.

* டோக்கியோவில் குப்பை வண்டி தொட்டி மண்ணை எடுக்காது. அதனால் பழைய மண்ணைச் சலித்து, ஈரமாகக் கறுப்புப் பையில் கட்டி வெயிலில் வைத்து, இலைமக்கு சேர்த்து மறுபடி உபயோகிப்பார்கள்.

* கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஜாக்கிரதை! அஸாகாவோ விதையை விழுங்கினால் வாந்தி, பேதி வரும். காய்ந்ததும் எடுத்து எட்டாத இடத்தில் வையுங்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் செடியிலிருந்து இருபத்தோரு விதைகள் கிடைத்தன. அடுத்த ஏப்ரலில், புதிதாகச் சேர்ந்த முதல் வகுப்புக் குழந்தைகளுக்குக் கொடுக்க அவனே கொண்டுபோனான். இப்போது அவன் என் உயரத்தைத் தாண்டிவிட்டான். ஆனாலும் எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்குக் கூடத்து விளக்கு அணைந்துவிடும். யாராவது மறந்துவிட்டால் அவன்தான் குரல் கொடுப்பான்: “அம்மா, செடி தூங்க வேண்டாமா?”