கையை எடுத்தா நிக்கணும்

எங்க வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால ஒரு சந்து. பைக் நிறுத்தவே சண்டை நடக்கிற இடம். அதனால மூணாவது வருஷ மினி ப்ராஜெக்டுக்கு நான் செஞ்ச வண்டி முதல்முதலா ஓடினது மொட்டை மாடியில்தான்.

பொம்மை கார்னு நினைச்சுடாதீங்க. இரும்புச் சட்டம், நாலு 12 வோல்ட் கியர் மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்த்து அஞ்சு கிலோவுக்கு மேல. முதல்ல ப்ளூடூத் மாட்யூல் வெச்சு போன்ல ஓட்டிப் பார்த்தேன். பத்து மீட்டர் தாண்டினா கட். அப்புறம்தான் ஒரு சீனியர் அண்ணன், ஏரோமாடலிங் பண்றவங்க வெச்சிருக்கிற ரேடியோ செட்டை வாங்கச் சொன்னார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைஞ்சு 2.4 கிகாஹெர்ட்ஸ், ஆறு சேனல் செட் ஒண்ணு வாங்கினேன்.

அதை ஆர்டுயினோவோடு சேர்ப்பது சுலபம். ரிசீவரின் ஒவ்வொரு சேனலிலும் சுமார் 20 மில்லி செகண்டுக்கு ஒரு பல்ஸ் வரும். ஸ்டிக் ஒரு ஓரத்தில் இருந்தால் பல்ஸின் நீளம் 1000 மைக்ரோ செகண்ட், நடுவில் 1500, மறு ஓரத்தில் 2000. இரண்டின் கிரவுண்டையும் சேர்த்துவிட்டு, சிக்னல் வயரை ஒரு பின்னில் செருகி, 'பல்ஸ்இன்' ஃபங்ஷனால் அளந்தால் போதும். வந்த எண்ணை 'மேப்' போட்டு -255 முதல் 255 வரை மாற்றினேன். பிளஸ் வந்தால் முன்னால், மைனஸ் வந்தால் பின்னால். எல்லை தாண்டாமல் இருக்க 'கன்ஸ்ட்ரெய்ன்'. பத்து பதினைந்து வரி கோடு. முதல் தடவையே ஓடிடுச்சு.

அன்னைக்கு சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திருவொற்றியூர் பக்கம் ஒரு யார்டில் கிரேன் ஓட்டுறவர். அம்மா கொடியில் துணி எடுத்துக்கிட்டிருந்தாங்க. ரெண்டு ரவுண்டு அடிச்சுட்டு, டிரான்ஸ்மிட்டர் பேட்டரி தீரக் கூடாதேன்னு அதை ஆஃப் பண்ணேன்.

அடுத்த நொடி வண்டி முழு வேகத்தில் பின்னால பாய்ஞ்சது. நேரா அம்மா பக்கம். கையில இருக்கிற செட்டோ ஆஃப். என்ன பண்றதுன்னே தெரியலை. அப்பாதான் தாவி, ரெண்டு கையாலயும் வண்டியைத் தூக்கிட்டார். சக்கரம் அவர் கையிலயே சுத்திக்கிட்டிருந்தது. பேட்டரி வயரை நான் பிடுங்கி எறிஞ்சப்புறம்தான் நின்னது. அவர் கட்டைவிரல் கிழிஞ்சு ரத்தம்.

திட்டலை. விரலைத் துணியில சுத்திக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "கைல இருக்கிறத அணைச்சா இது ஏன்டா ஓடுது?"

"சிக்னல் போயிடுச்சுப்பா, அதான்..."

"போனா நிக்கணும்ல? எங்க கிரேன்ல லிவர்லேர்ந்து கையை எடுத்தா தானா ஜீரோவுக்கு வந்துரும். கரண்ட் போனாலும் லோடு கீழ வராது. ஏன்னா கரண்ட் இருந்தாத்தான் பிரேக்கே திறக்கும். போச்சுன்னா ஸ்பிரிங் வந்து புடிச்சிக்கும்."

ராத்திரி கோடைத் திறந்து உட்கார்ந்தேன். தப்பு என்னோடதுதான். ரிசீவரில் ஃபெயில்சேஃப் எதுவும் நான் செட் பண்ணலை. அதனால டிரான்ஸ்மிட்டர் அணைஞ்சதும் பின்னில் பல்ஸே வரலை. பல்ஸ் வராவிட்டால் பல்ஸ்இன் திருப்பித் தருவது 0. அந்தப் பூஜ்யத்தை என் மேப் -765 ஆக்கியது. கன்ஸ்ட்ரெய்ன் அதை -255க்கு இழுத்து வந்தது. -255 என்றால் முழு வேக ரிவர்ஸ். 'யாரும் பேசலை' என்பதை என் கோடு 'வேகமா பின்னால போ' என்று படித்திருக்கிறது.

இன்னொன்றும் இருந்தது. நாம் சொல்லாவிட்டால் பல்ஸ்இன் ஒரு முழு செகண்ட் பல்ஸுக்காகக் காத்திருக்கும். ரெண்டு சேனல்னா ரெண்டு செகண்ட். அதுவரை வேறு எந்த வேலையும் நடக்காது.

இப்போ என் கோடில் காத்திருக்கும் நேரம் 25 மில்லி செகண்ட்தான். பல்ஸ் 900க்குக் கீழோ 2100க்கு மேலோ இருந்தால் அது கட்டளையே இல்லை, மோட்டார் நிற்கும். ரிசீவரிலும் ஃபெயில்சேஃபை 1500இல் வைத்திருக்கிறேன். இது முக்கியம். சில ரிசீவர்கள் சிக்னல் போன பிறகும் கடைசியாக வந்த பல்ஸையே அனுப்பிக்கொண்டிருக்கும். அது நல்ல பல்ஸ் மாதிரியே இருப்பதால் நம் கோடால் கண்டுபிடிக்க முடியாது. வேகத்தை இடது ஸ்டிக்கிலிருந்து வலது ஸ்டிக்குக்கும் மாற்றிவிட்டேன். விமானத்துக்கான இடது த்ராட்டில் விட்ட இடத்திலேயே நிற்கும். வலது ஸ்டிக்கில் இருக்கும் ஸ்பிரிங் அதை நடுவுக்கே கொண்டுவரும். அப்பா சொன்ன அதே லிவர்!

ஜூனியர்ஸ், ரேடியோ செட் வாங்கினா முதல் டெஸ்ட் இதுதான்: வண்டியை ரெண்டு செங்கல் மேல ஏத்தி, சக்கரம் தரையில படாம வெச்சு, ஓடும்போதே டிரான்ஸ்மிட்டரை அணைச்சுப் பாருங்க. நிக்கலைன்னா கீழே இறக்காதீங்க. அன்றாடம் ஓட்டும்போது டிரான்ஸ்மிட்டரை முதல்ல ஆன் பண்ணுங்க, கடைசியா ஆஃப் பண்ணுங்க.

ரிவ்யூ அன்னைக்கு, வண்டி எவ்வளவு தூரம் போகும், என்ன வேகம்னுதான் கேட்டாங்க. எப்படி நிக்கும்னு யாரும் கேட்கலை. நானே டிரான்ஸ்மிட்டரை அணைச்சுக் காட்டினேன். வண்டி நின்னுச்சு. வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். தழும்பு இன்னும் இருக்கு.