ராஜா பெட்டியும் மூணாம் கிளாஸ் பெட்டியும்

ஒலக்கூர் ஸ்டேஷனை சென்னை - விழுப்புரம் ரயிலில் போகிறவர்கள் பலரும் கவனிப்பதில்லை. திண்டிவனம் வரப்போகிறதே என்று பையைத் தேடும் நேரத்தில் அது கடந்துவிடும். ஆனால் இந்தப் பாதைக்கு ஒரு பெருமை உண்டு. இந்தியாவில் மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடியது இந்தப் பாதையில் மட்டும்தான். 1960-களில் தாம்பரம் தாண்டி விழுப்புரம் வரைக்கும் கம்பி இழுத்தார்கள். ஜப்பானில் செய்த யாம்-1 இன்ஜின்கள் வந்தன.

அப்புறம் அகலப்பாதை வந்தது. மீட்டர் கேஜ் 1,000 மி.மீ., அகலப்பாதை 1,676 மி.மீ. இந்த இரண்டே கால் அடி வித்தியாசத்தில் எத்தனையோ பெட்டிகள் ஒரேயடியாக வேலையில்லாமல் போயின. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவையும்தான்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எஃகுப் பெட்டிக்கு ரயில்வே வைத்திருக்கும் ஆயுள் சுமார் 25 வருஷம். தேய்மானம் கழித்து மிச்சம் இருப்பது இரும்பு விலை. ஏலம் விட்டால் பணம், நிறுத்தி வைத்தால் செலவு. கணக்குப்படி சரிதான். ஆனால் ராஜா ராணி பெட்டி என்றால் மட்டும் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை, பாருங்கள். 1875-ல் வேல்ஸ் இளவரசருக்காகச் செய்த பெட்டி டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. மைசூர் மகாராணியின் 1899-ம் வருஷத்துப் பெட்டி மைசூரில் இருக்கிறது. கூடையும் மூட்டையுமாக ஜனங்கள் ஏறிய பெட்டிதான் கத்தரிக்குப் போனது.

சரி, ஒன்று தப்பித்தது என்றே வைத்துக்கொள்வோம். அதைச் சீர்செய்வது பெயின்ட் அடிக்கிற வேலை இல்லை. முதலில் கூரை ஒழுகாமல் இருக்க வேண்டும். ஒழுகினால் கீழே செய்யும் எல்லாமே வீண். துரு முதலில் பிடிப்பது கழிப்பறையைச் சுற்றியும் வாசலருகிலும், தரைக்கு அடியில்தான். மேலே பார்த்தால் தெரியாது. அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுசு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மரச் சட்டம் என்றால் ஈரமும் கரையானும். எத்தனை சட்டத்தை மாற்றிய பிறகும் அது பழைய பெட்டிதான் என்று சொல்லலாம்?

அதைவிடச் சிக்கல் பெயின்ட். 1974-ல் மூன்றாம் வகுப்பை எடுத்துவிட்டார்கள், அதே மரப் பலகை இருக்கை இரண்டாம் வகுப்பு ஆனது (பலகை மெத்தையாகிவிடவில்லை!). சுரண்டிக்கொண்டே போனால் எந்த அடுக்கில் நிறுத்துவது? பளபளப்பாக்க வேண்டும் என்பவர்கள் எல்லாவற்றையும் சுரண்டிவிடுகிறார்கள். ஓர் ஓரத்திலாவது எல்லா அடுக்கும் தெரியும்படி விட்டுவிடுவதே நியாயம்.

ஊட்டி ரயில் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலி. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தண்டவாளம் மீட்டர் கேஜாகவே இருப்பதால் பெட்டி ஓடுகிறது. ஓடுவதால் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. சென்னையில் பெரம்பூர் பக்கம் 2002-ல் திறந்த ரயில் அருங்காட்சியகத்தில் பெட்டிகள் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. மேலே ஒரு ஷெட் போட்டால் பாதிப் பிரச்னை தீரும்.

மீதிக்கு வேண்டியது ஆதாரம். ஜன்னல் பலகை எப்படி இருந்தது, லக்கேஜ் தட்டு என்ன மாதிரி, உள்ளே என்ன நிறம்? ஒலக்கூர், திண்டிவனம் பக்கத்து வீட்டு ஆல்பங்களில், கல்யாணத்துக்கு ரயிலேறிய யாராவது ஒருவரின் முதுகுக்குப் பின்னால், அது இன்னும் இருக்கக்கூடும்.